மெய்யியலில் முனைவர் பட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மெய்யியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்வது பற்றிச் சில மாதங்களாக வாசகர்களிடமிருந்து கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். கல்லூரியில் மெய்யியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். ஆய்வேடு எழுதியும் இருக்கிறேன், பிறருடைய ஆய்வேடுகளைத் திருத்தியும் இருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்தே எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, முதுகலையில் மெய்யியல் முடித்துள்ளேன். 'சைவ சித்தாந்தமும் மேலை மெய்யியலும்: ஓர் ஒப்பாய்வு' என்ற தலைப்புடன் ஒரு பேராசிரியரை அணுகினேன். "இது தலைப்பே இல்லை, கேள்வியோடு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். மனம் ஒடிந்துவிட்டது. அவர் என்னதான் எதிர்பார்க்கிறார்? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அவர் உங்களுக்கு நன்மையே செய்திருக்கிறார். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தில் 12 நூற்பாக்களில் சொன்னதை, 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் மாபாடியத்தில் விரித்து உரைக்கும் வரை, ஐந்நூறு ஆண்டுகள் தமக்குள்ளும் பிறரோடும் வாதிட்டு வளர்ந்த மரபு சைவ சித்தாந்தம். மேலை மெய்யியலோ இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பரப்புடையது. இவ்விரண்டையும் முந்நூறு பக்கங்களில் ஒப்பிடப் புகுந்தால், "இங்கே பதி, அங்கே கடவுள், இங்கே பசு, அங்கே ஆன்மா" என்று ஒரு பட்டியல்தான் மிஞ்சும். அந்தப் பட்டியலோடு எவரும் மாறுபடப்போவதில்லை. எவரும் மாறுபட இடமில்லாத ஒன்றை மெய்யியலில் ஆய்வு என்று சொல்வதில்லை.

உங்கள் ஆர்வத்தை விட்டுவிடாமல் தலைப்பை எப்படிக் குறுக்குவது என்று ஒரு முறை செய்து பார்ப்போம். சைவ சித்தாந்தம் முழுவதையும் எடுக்காமல், அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியாரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் தம் கொள்கையை நிறுவும் சுபக்கம். அதிலும் தொடக்கத்தில் உள்ள அளவைப் பகுதி, அதாவது அறிவு எவ்வழியில் பிறக்கிறது என்று ஆராயும் பகுதி. காண்டல், கருதல் (ஊகித்து அறிதல்), உரை (நூற்சான்று) என்னும் மூன்று அளவைகளில் காண்டலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காண்டல் அங்கே இந்திரியக் காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி என நான்காகப் பகுக்கப்படுகிறது. இந்த நான்கில் தன்வேதனைக் காட்சி ஒன்றில் நில்லுங்கள். தனக்குள் எழும் இன்ப துன்பங்களை உயிர் தானே அறிவதைத்தான் அப்பெயரால் குறிக்கிறார்கள்.

இப்போது கேள்வி தானாக எழும். கயிறு பாம்பாகத் தோன்றுவதுண்டு. ஆகவே கண்ணால் காண்பதில் ஐயத்துக்கும் திரிபுக்கும் இடமுண்டு. ஆனால் எனக்குப் பல் வலிக்கிறது என்று நான் அறியும்போது, வலி இல்லாமலே வலிப்பதாக நான் தவறாக அறிந்திருக்க முடியுமா? முடியாது என்றால், ஆணவம் என்னும் அறியாமை மலத்தால் மறைப்புண்டு, கருவிகளின் துணையின்றி எதையும் அறியமாட்டாது என்று அதே நூல் கூறும் உயிருக்கு, இந்த ஓரிடத்தில் மட்டும் பிழையற்ற அறிவு எங்கிருந்து வந்தது? முடியும் என்றால், தன்வேதனை எந்தப் பொருளில் காட்சி ஆகும்? சுபக்கத்துக்கு வழங்கும் ஆறு உரைகளும் இந்த இடத்தை எப்படிக் கடக்கின்றன என்று வரிக்கு வரி பார்க்கலாம். பார்த்த பிறகு, உடலைவிட மனமே தனக்கு நன்கு தெரியும் என்று 1641இல் வாதிட்ட பிரெஞ்சு மெய்யியலாளர் டெகார்ட்டையும், அதை மறுத்தவர்களையும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தால், அந்த ஒப்பீட்டுக்கு ஒரு வேலை இருக்கும். தொடக்கத்தில் நீங்கள் விரும்பிய ஒப்பாய்வுதான் இது. இப்போது அது ஒரு கேள்விக்குப் பதில் தேடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆய்வேட்டை எப்படி அமைப்பது என்பதற்கும் சித்தியாரே வழி காட்டுகிறது. உலகாயதர் முதல் பாஞ்சராத்திரிகள் வரை 14 மாற்றுத் தரப்புகளைப் பரபக்கத்தில் ஒவ்வொன்றாக நிறுத்தி, முதலில் அவர்கள் கூற்றை அவர்கள் வாயாலேயே சொல்லவிட்டு, அதன் பின்னரே மறுத்து, அதற்கும் பின்னர்தான் தம் பக்கத்தைச் சுபக்கத்தில் நிறுவுகிறார் அருணந்தியார். முன்னாய்வுகள் பற்றிய இயல் என்று இன்று நாம் எழுதுவது பெரும்பாலும் யார் யார் என்ன நூல் எழுதினார்கள் என்ற அட்டவணையாக நின்றுவிடுகிறது. அதைப் பரபக்கமாக எண்ணி எழுதிப் பாருங்கள். உங்களோடு மாறுபடுபவர் அதைப் படித்துவிட்டு, "என் கருத்தை நானே இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன்" என்று ஒப்ப வேண்டும்.

அந்தப் பேராசிரியரை மீண்டும் போய்ப் பாருங்கள். இரண்டு பக்கத்தில் கேள்வியையும், அது ஏன் இன்னும் தீரவில்லை என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள்.

கேள்வி: வேதியியலில் ஆய்வு செய்தாலும் வணிகவியலில் செய்தாலும் 'டாக்டர் ஆஃப் பிலாசஃபி' என்றே பட்டம் தருகிறார்களே, ஏன்? (வாசகர், ஈரோடு)

பதில்: இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இறையியல், சட்டம், மருத்துவம் ஆகிய மூன்றும் மேற்புலங்கள். மற்றக் கல்வி அனைத்தும் கலைப்புலம் என்றும், பின்னாளில் ஜெர்மானிய நாடுகளில் மெய்யியல் புலம் என்றும் வழங்கிய ஒரே புலத்தில் அடங்கின. ஆராய்ச்சியை மையமாகக் கொண்ட 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் அந்தப் புலத்தின் பெயராலேயே பட்டம் தந்தன. அமெரிக்காவில் யேல் 1861இல் அதை மேற்கொண்டது. இங்கிலாந்துக்கு அது முதல் உலகப் போர்க் காலத்தில்தான் வந்து சேர்ந்தது. மெய்யியல் துறையிலேயே ஆய்வு செய்பவர் மட்டும் சொல்லின் இரு பொருளிலும் அப்பட்டத்தைப் பெறுகிறார்.

'முனைவர்' என்ற நம் சொல்லும் குறைந்ததன்று. "வினையின் நீங்கி விளங்கிய அறிவின் முனைவன் கண்டது முதல்நூல் ஆகும்" என்பது தொல்காப்பிய மரபியல். பிறர் நூலைத் தழுவி வருவது வழிநூல் என்றும், முனைவன் காண்பது முதல்நூல் என்றும் அங்கே பிரித்துச் சொல்லப்படுகிறது. உரையாசிரியர்கள் அச்சொல்லுக்கு இறைவன் என்றே பொருள் கொள்வார்கள் என்றாலும், ஆய்வேட்டில் ஓர் இயலாவது முதல்நூலாக இருக்க வேண்டும் என்ற நினைப்பை அச்சொல் நமக்குத் தருகிறது.

கேள்வி: தகுதி, நுழைவுத் தேர்வு, உதவித்தொகை, கால அளவு ஆகியவற்றை விளக்கவும். எம்.ஃபில். முடித்துவிட்டுத்தான் சேர வேண்டுமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: எம்.ஃபில். இனி இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் அதை நிறுத்திவிட்டன. முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 விழுக்காடு தளர்வு உண்டு. நான்காண்டு இளங்கலை படித்து 75 விழுக்காடு பெற்றவர்களும் நேராக விண்ணப்பிக்கலாம்.

நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் மெய்யியல் ஒரு பாடம். முதல் தாள் பொதுவானது, 50 வினாக்கள்; இரண்டாம் தாள் மெய்யியல், 100 வினாக்கள்; இரண்டையும் சேர்த்து 3 மணி நேரத்தில் எழுத வேண்டும். இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறும் அளவுக்குத் தேறினால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், அதன்பின் 42,000 ரூபாயும் கிடைக்கும் என்பது 2023 ஜனவரி முதல் உள்ள அளவு. அதற்குக் கீழே தேறியவர்களும் 2024 முதல் நெட் மதிப்பெண்ணைக் கொண்டே முனைவர் பட்டச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம். அவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் கணக்கிடுவார்கள். அம்மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். இவையன்றி, 1977இல் நிறுவப்பட்ட இந்திய மெய்யியல் ஆராய்ச்சிக் குழு இத்துறை ஆய்வாளர்களுக்கெனத் தனியாக உதவித்தொகை வழங்குகிறது. நம் மாணவர்கள் பலர் அதை அறியாமலே ஆய்வை முடித்துவிடுகிறார்கள்.

குறைந்தது மூன்று ஆண்டுகள், கூடினால் ஆறு ஆண்டுகள். மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. மெய்யியலில் மூன்றாண்டில் முடிப்பது அரிது. ஐந்தாண்டுகள் என்று மனத்தில் வைத்துக்கொண்டு வீட்டாரிடமும் அப்படியே சொல்லிவிடுங்கள்.

எங்கே சேர்வது என்றும் கேட்டிருந்தீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1927இல் தொடங்கிய மெய்யியல் துறை, 1964இல் மெய்யியல் உயராய்வு மையமாக ஏற்கப்பட்டு, இன்று இராதாகிருஷ்ணன் பெயரில் அமைந்த நிறுவனமாக இயங்குகிறது. அத்வைத ஆராய்ச்சியில் டி.எம்.பி. மகாதேவனும், சித்தியாரின் ஆறு உரைகளை ஆராய்ந்த வ.ஆ. தேவசேனாபதியும் பணியாற்றிய இடம் அது. அங்கேயே சைவ சித்தாந்தத்துக்குத் தனித் துறையும் உண்டு. புதுச்சேரி, ஹைதராபாத், தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் ஆகியவற்றிலும் மெய்யியல் துறைகள் உள்ளன, சென்னை ஐ.ஐ.டி.யின் மானுடப் புலங்கள் (ஹியூமானிட்டீஸ்), சமூக அறிவியல் துறையிலும் மெய்யியலில் ஆய்வு செய்யலாம். ஆனால் நிறுவனத்தின் பெயரைவிட, உங்கள் கேள்வியைப் பற்றி ஏற்கெனவே எழுதியிருக்கும் ஒருவர் அங்கே நெறியாளராக இருக்கிறாரா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் வழிகாட்ட விதியில்லை. ஆகவே இடம் காலியாக இருக்கிறதா என்று முன்னரே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 43. அரசுப் பள்ளி ஆசிரியை. இருபது ஆண்டுகளுக்கு முன் மெய்யியல் முதுகலை படித்தேன். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அஞ்சல் வழியில் முனைவர் பட்டம் படிக்க முடியுமா? இந்த வயதில் இது தேவையா என்று வீட்டில் கேட்கிறார்கள். (வாசகி, திண்டுக்கல்)

பதில்: அஞ்சல் வழியிலோ இணைய வழியிலோ முனைவர் பட்டம் நடத்த விதி இடம் தரவில்லை. அப்படித் தருவதாக யார் சொன்னாலும் பணம் கட்டிவிடாதீர்கள். ஆனால் பகுதிநேர ஆய்வுக்கு முழு அனுமதி உண்டு. பகுதிநேரமாகப் படிக்க இசைவு, ஆய்வுக்கு நேரம் ஒதுக்கப் பணி இடம் கொடுக்கும் என்ற உறுதி, தேவைப்பட்டால் பாடப்பணிக் காலத்தில் விடுவிப்பதற்கான ஒப்புதல் ஆகிய மூன்றும் அடங்கிய தடையின்மைச் சான்றை உங்கள் துறையிலிருந்து பெற வேண்டும். பாடப்பணி என்பது ஆய்வின் தொடக்கத்தில் முடிக்க வேண்டிய வகுப்புப் படிப்பு; 12 முதல் 16 மதிப்பலகு (கிரெடிட்) கொண்டது. பெண்களுக்கு மறுபதிவுக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் தளர்வு இருப்பதால் மொத்தம் பத்து ஆண்டுகள் வரை கிடைக்கும். மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாள் வரை எடுக்கவும் வழியுண்டு.

வயதைப் பற்றிக் கேட்கிறார்கள் என்கிறீர்கள். கணிதத்தில் இளமை கைகொடுக்கலாம். அறவியலில், நீங்கள் இருபது ஆண்டுகள் வகுப்பறையில் பார்த்தது உங்கள் மூலதனம். ஒரு பிள்ளையைத் தண்டிப்பதற்கும் திருத்துவதற்கும் உள்ள வேறுபாடு என்ன, மன்னிப்பு எப்போது நியாயம், எப்போது அநியாயம் என்ற கேள்விகளை இருபத்து மூன்று வயது மாணவர் நூலில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்களுக்கு அவை ஏற்கெனவே பழக்கமானவை. நாளுக்கு ஒன்றரை மணி நேரம், விடிகாலையில், கைப்பேசியைத் தொடாமல் ஒதுக்க முடியுமானால் சேர்ந்துவிடுங்கள் அம்மா.

கேள்வி: வடமொழி தெரியாமல் இந்திய மெய்யியலில் ஆய்வு செய்ய முடியுமா? ஜெர்மன் தெரியாமல் கான்ட்டை ஆராயலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: கேள்வி எந்த மொழியில் நிற்கிறதோ அந்த மொழி வேண்டும். கான்ட்டின் வாதம் ஒன்று சரியா தவறா என்று ஆராய்வதற்கு நல்ல மொழிபெயர்ப்பு பெருமளவு போதும். ஆனால் அவர் ஒரு சொல்லை எப்பொருளில் ஆண்டார் என்பதே உங்கள் வாதமானால் ஜெர்மன் இல்லாமல் ஓரடியும் நகர முடியாது.

தமிழ் மட்டும் நன்றாகத் தெரிந்தவருக்கு வாசல் அடைத்திருக்கிறது என்று எண்ண வேண்டியதில்லை. மணிமேகலையின் 29ஆம் காதையைத் திறந்து பாருங்கள். "பக்கம் இம்மலை நெருப்பு உடைத்து என்றல், புகையுடைத்து ஆதலால் எனல் பொருந்து ஏது, வகையமை அடுக்களை போல் திட்டாந்தம்" என்று, பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என அளவையியலின் பாலபாடத்தைக் காப்பியம் தமிழில் நடத்துகிறது. மேலே சென்றால் போலிகள், அதாவது இவற்றில் நேரும் பிழைகள், வரும்: பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினான்கு, எடுத்துக்காட்டுப் போலி பத்து. நியாயப்பிரவேசம் என்னும் வடமொழிப் பௌத்த நூலிலும் இதே எண்ணிக்கை, ஏறக்குறைய இதே வரிசை. யார் யாரிடமிருந்து கொண்டார்கள் என்பது பற்றி அறிஞர்களிடையே நெடுங்காலமாக வாதம் உண்டு. அந்த வாதத்தில் கலந்துகொள்ள வடமொழி வேண்டும். அந்தப் போலிகளின் பாகுபாடு தருக்க முறையில் நிற்குமா, ஒன்றில் மற்றொன்று அடங்குமா என்று ஆராயக் கூர்ந்த தமிழும் தருக்கப் பயிற்சியும் போதும். ஆயினும் ஆய்வின் முதலாண்டிலேயே வடமொழி இலக்கணத்தைத் தொடங்கிவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். இரண்டாண்டுப் பயிற்சியில் அகராதியின் துணையோடு மூலத்தைச் சரிபார்க்கும் அளவு வந்துவிடும்.

கேள்வி: ஆய்வில் இரண்டு ஆண்டுகள் முடிந்துவிட்டன. எழுதிய இயலை நெறியாளர் "வெறும் தொகுப்பு" என்று திருப்பித் தந்துவிட்டார். எவ்வளவோ நூல்களைப் படித்து எழுதினேன். எங்கே தவறு? (வாசகி, திருச்சிராப்பள்ளி)

பதில்: என் முதல் இயலுக்கும் இதுவே நேர்ந்தது. 41 பக்கங்கள். என் நெறியாளர் அதைத் திருப்பித் தந்தபோது, ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் பென்சிலால் ஓர் எழுத்து எழுதியிருந்தார். பிறர் கூற்றை நான் எடுத்துச் சொன்ன பத்திக்கு 'கூ'. நானாக ஒன்றை நிறுவவோ மறுக்கவோ முயன்ற பத்திக்கு 'வா'. வீட்டுக்கு வந்து எண்ணினேன். 'வா' இரண்டே இடத்தில் இருந்தது. அதில் ஒன்றின் பக்கத்தில் கேள்விக்குறி. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குறி இட்ட பத்திதான், எட்டு மாதம் கழித்து, என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலாக விரிந்தது.

நீங்களும் ஒரு பென்சிலை எடுத்து உங்கள் இயலுக்கு இதைச் செய்து பாருங்கள். 'என்கிறார்', 'குறிப்பிடுகிறார்', 'கருதுகிறார்' என்று முடியும் வாக்கியங்கள் தொடர்ந்து பத்து வந்தால் அங்கே நிறுத்தி, "அவர் அப்படிச் சொல்வது சரிதானா? நான் எதனால் ஒப்புகிறேன்?" என்று ஒரு பத்தி எழுதுங்கள். தவறாக இருந்தாலும் எழுதுங்கள், தவறான வாதத்தைத் திருத்திவிடலாம். திருத்த வாதமே இல்லாத பக்கத்தில் நெறியாளர் என்ன செய்ய முடியும்?

கேள்வி: "ஆய்வேடு எழுதித் தரப்படும்" என்று விளம்பரம் பார்த்தேன். வேலைப்பளு மிகுதி. மொழிநடைக்கு மட்டும் உதவி பெறலாமா? (வாசகர், மதுரை)

பதில்: எழுத்துப்பிழை திருத்த ஒருவரை வைத்துக்கொள்ளலாம், நன்றியுரையில் அவரைக் குறிப்பிடலாம். வாதத்தை எழுத ஒருவரை வைத்துக்கொள்ள முடியாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினாலே ஆய்வேடு திரும்பி வரும். 60ஐத் தாண்டினால் பதிவே நீக்கப்படும். விதியை விடுங்கள். மெய்யியலில் நீங்களே சிந்திக்காத ஆய்வேட்டின் மேல் உங்கள் பெயரைப் போடுவது எனக்குத் தாங்க முடியாத செயலாகத் தோன்றுகிறது.

கேள்வி: என் மகள் மெய்யியலில் முனைவர் பட்டம் படிக்க வேண்டும் என்கிறாள். நாங்கள் வசதியற்றவர்கள். படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவாள்? உண்மையைச் சொல்லுங்கள். (வாசகர், விருதுநகர்)

பதில்: உண்மையைச் சொல்கிறேன் ஐயா. தமிழ்நாட்டில் மெய்யியல் துறை உள்ள கல்லூரிகளே குறைவு. ஆசிரியப் பணியிடங்கள் அதனினும் குறைவு. பட்டம் பெற்ற மறுநாள் வேலை என்று எவர் சொன்னாலும் நம்ப வேண்டாம். உதவிப் பேராசிரியர் பணிக்கு 2023 ஜூலை முதல் நெட் அல்லது மாநில அளவிலான செட், ஸ்லெட் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி, முனைவர் பட்டம் கட்டாயமில்லை. ஆகவே மகள் முதலில் நெட் தேர்வை உதவித்தொகை கிடைக்கும் அளவில் எழுதட்டும். உதவித்தொகையோடு சேர்ந்தால் ஐந்தாண்டுகள் குடும்பத்துக்குச் சுமையாக இருக்கமாட்டாள். ஓரளவு உதவவும் முடியும். உதவித்தொகை இல்லாமல், கடன் வாங்கி, முழுநேர ஆய்வில் சேர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கிடைக்கும்வரை ஒரு பணியில் இருந்துகொண்டு மறுமுறை எழுதலாம். குடிமைப் பணித் தேர்வில் மெய்யியல் விருப்பப் பாடமாக இருப்பதால், அதற்குப் படிப்பதும் இதற்குப் படிப்பதும் ஒன்றையொன்று கெடுக்காது.

ஒன்றை மட்டும் அவளிடம் கேட்டுப் பாருங்கள். எந்தக் கேள்விக்காக இந்த ஆய்வு என்று. அவள் மெய்யியலின் பெருமையைப் பற்றிப் பேசினால் இன்னும் ஓராண்டு பொறுக்கலாம். ஒரு கேள்வியைச் சொல்லி, அது உங்களுக்குப் புரியும்வரை விடாமல் விளக்கினால், தயங்காமல் அனுப்புங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் வாய்மொழித் தேர்வு. அச்சமாக இருக்கிறது. எப்படித் தயாராவது? (வாசகர், புதுச்சேரி)

பதில்: வெளித் தேர்வாளர்கள் இருவர் உங்கள் ஆய்வேட்டைப் படித்து ஏற்ற பிறகே இந்நாள் குறிக்கப்படுகிறது, ஆகவே பெரிய கண்டம் தாண்டிவிட்டது. அவர்களுடைய அறிக்கையில் உள்ள ஐயங்களுக்கு ஒவ்வொன்றாக விடை எழுதிக்கொள்ளுங்கள். ஆய்வேட்டைக் கையில் எடுக்காமல், உங்கள் மைய வாதத்தை ஐந்து நிமிடத்தில் துறைக்கு வெளியே உள்ள ஒருவருக்குச் சொல்லிப் பழகுங்கள். எந்த இயல் வலுவற்றது என்று உங்களுக்குத் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். அதை மறைக்காமல், "இங்கே என் வாதம் இவ்வளவு தூரம்தான் செல்கிறது, இதற்கு மேல் இன்ன சான்று வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். அவையில் பொதுமக்களும் கேள்வி கேட்கலாம். எளிய கேள்வி என்று எதையும் விரைந்து கடக்க வேண்டாம். நான் பார்த்த வாய்மொழித் தேர்வுகளில் கடினமான கேள்வி பெரும்பாலும் பின்வரிசையில் அமர்ந்திருந்த இளங்கலை மாணவரிடமிருந்தே வந்தது. ஒரு குவளைத் தண்ணீரையும், பக்க எண்கள் குறித்த ஒரு தாளையும் மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள்.